ஒன்பது நாளும் டிக்

எங்கள் நகராட்சியில் குப்பை அள்ளுவதைத் தனியாருக்கு விட்ட பிறகு நடந்தது இது. ஒன்பது நாளாகத் தெருவுக்கு வண்டி வரவில்லை. ஆபீஸில் கேட்டால், "அது கான்ட்ராக்ட் சார், சூப்பர்வைசரைப் பிடிங்க" என்றார்கள். சூப்பர்வைசரோ, "நாங்க ஆபீஸுக்குத்தான் பதில் சொல்லணும், உங்களுக்கு இல்ல" என்றார். ஒரு வகையில் சரிதான். அப்படியென்றால் ஆபீஸுக்கு என்ன பதில் சொல்லியிருக்கிறார் என்று பார்த்துவிடலாமே?

பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்த நகல் கேட்டேன். 30 நாள் கெடு முடியப்போகிற நேரத்தில் பதில் வந்தது: மூன்றாம் தரப்பின் வணிக ரகசியம், பிரிவு 8(1)(டி), தர இயலாது. அந்த மூன்றாம் தரப்பிடம், அதாவது ஒப்பந்தக் கம்பெனியிடம், ஒரு வார்த்தை கேட்டார்களா என்றால் அதுவும் இல்லை. தரும் எண்ணம் இருந்திருந்தால், பிரிவு 11-ன்படி 5 நாளுக்குள் அவர்களுக்குக் கடிதம் அனுப்பி, 10 நாள் அவகாசம் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் மேல்முறையீட்டில் சுருக்கமாகத்தான் எழுதினேன். கையெழுத்துப் போட்டது நகராட்சி, போகிற காசு வரிப்பணம். ரகசியம் ஏதும் இருந்தால் பிரிவு 10-ன்படி அந்த வரிகளை மட்டும் மறைத்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். கூடவே இன்னொரு மனுவும் போட்டேன். அதில் கம்பெனியின் கணக்கைக் கேட்கவில்லை. ஆபீஸ் தன் கையால் எழுதும் தாள்களை, அதாவது பில் பாஸ் செய்த கோப்பையும் வண்டியின் தினசரி வருகைப் பதிவையும், நேரில் பார்க்க வேண்டும் என்றேன்.

கூப்பிட்டார்கள். (முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. எனக்கு அதில் இருபது நிமிடம் பீரோ சாவி தேடுவதிலேயே போனது.)

டன்னுக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்கள். மார்க்கெட்டிலும் ஹோட்டல் தெருவிலும் நாலு நடை அடித்தால் எடை சேர்ந்துவிடும். எங்கள் முட்டுச்சந்தில் வண்டியைத் திருப்பவே கால் மணி நேரம் ஆகும். ஏன் வரவில்லை என்பது அங்கேதான் புரிந்தது. வராத நாளுக்குப் பிடித்தம் என்று அந்தக் கோப்பில் இருந்த ஒப்பந்தத்தில் தெளிவாகவே இருந்தது. ஆனால் ஆறு மாத பில்லிலும் "பிடித்தம்: இல்லை". பதிவேட்டில் அந்த ஒன்பது நாளும் எங்கள் தெருவுக்கு நேரே டிக். கீழே ஆபீஸ் கையெழுத்து.

பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டி, சான்றிட்ட நகல் வாங்கி வந்தேன். அதை இணைத்து ஆணையருக்குக் கொடுத்த புகாருக்கு இன்னும் பதில் இல்லை. வண்டி மட்டும் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது.