கனவு நகரம் வரையச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் மேம்பாலம் வரைகிறார்கள். என்ன செய்வது?

மாலைவகுப்பு:

வணக்கம். சென்னையில் குடிசைகளை அகற்றி மக்களைக் குடியமர்த்திய கண்ணகி நகரில் மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தபோது தொடங்கிய பழக்கம், விட மனம் வரவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இருபது பேருக்கு மேல் வருவார்கள்.

சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே நிறத்தில் பனியன், கிரேயான் பெட்டி, சமோசா. ‘என் கனவு நகரம்’ என்று தலைப்பு. வந்ததெல்லாம் மேம்பாலம், மெட்ரோ ரயில், இரண்டு பக்கமும் மரம், மூலையில் சூரியன், கீழே ‘மரம் வளர்ப்போம் மழை பெறுவோம்’. மூன்று பேருக்குப் பரிசு கொடுத்துவிட்டு மற்றப் படங்களையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதே பிள்ளைகள் வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும்போது பேசுவதைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். எந்தக் குழாயில் தண்ணீர் நாறுகிறது, எந்தச் சந்தில் விளக்கு எரியவில்லை, எந்தப் பஸ் நிற்காமல் போகிறது என்று வரிசையாக வரும். காகிதத்தைக் கொடுத்தால் மட்டும் மேம்பாலம்!

மே விடுமுறையில் சனி, ஞாயிறுகளில் நானே ஓவியப் பட்டறை நடத்த நினைக்கிறேன். தங்கள் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் வாயாலேயே, கையாலேயே சொல்ல வேண்டும். தெரிந்த ஒருவர் சுவரும் பெயின்ட்டும் தருகிறேன் என்கிறார். சுவரில் வரைவதா, காகிதத்திலா? வரைந்த பிறகு அதை என்ன செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சுண்ணாம்புக்கட்டி:

சுவர் கிடைத்தால் விடாதீர்கள். பிள்ளைகளுக்குச் சுவர் என்றால் தனி உற்சாகம். காகிதம் பரணுக்குப் போய்விடும், சுவர் ஊருக்கே தெரியும். பிரைமர் ஒரு கை, வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கை. உப்புப் பூத்த சுவராக இருந்தால் சுரண்டிவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்குப் பொரிந்துவிடும். வாழ்த்துகள்.

கரித்துண்டு:

தோழர், முதலில் அந்தத் தலைப்பைத் தூக்கிப் போடுங்கள். ‘கனவு’ என்று சொன்னால் பிள்ளைகள் ஏற்கெனவே பரிசு வாங்கிய படம் எது என்றுதான் யோசிப்பார்கள். கேட்கிற பெரியவருக்கு எது பிடிக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்த மேம்பாலம் உங்கள் பிள்ளைகளுடையது அல்ல, வந்தவர்களுடையது.

நான் அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்து ஆள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டைப் பக்கம் கலைப்பயணக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவன். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு சாலைக்கு வந்த காலம். ‘ஊருக்கு என்ன வேண்டும்?’ என்று கூட்டத்தில் கேட்டால் ரோடு, பஸ், பள்ளிக்கூடம் என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். ஊரையே தரையில் வரையச் சொன்னால்தான் சண்டை தொடங்கும். கிணறு இங்கே இல்லை, அங்கே. அந்தத் தெருவை ஏன் விட்டாய்? சண்டை வந்தால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே முதல் நாள் காகிதமே வேண்டாம். காலையில் பிள்ளைகளோடு நடந்துவிட்டு வாருங்கள். பள்ளிக்குப் போகிற வழி, தண்ணீர் பிடிக்கிற இடம், விளையாடுகிற இடம். நீங்கள் பின்னால் நடங்கள், வழியை அவர்கள் காட்டட்டும். திரும்பியதும் மொட்டை மாடியிலோ சிமென்ட் தரையிலோ கோலமாவையும் செங்கல் துண்டையும் கரியையும் கொடுத்துப் பகுதியை வரையச் சொல்லுங்கள். மாவில் ஒரு வசதி உண்டு. தப்பாகப் போட்டால் காலால் தேய்த்துவிட்டு மறுபடியும் போடலாம், யாரும் கைக்குள் மறைத்துக்கொண்டு வரைய முடியாது, எட்டாம் வகுப்புப் பையன் போட்டதை ஆறாம் வகுப்புச் சிறுமி அழிக்கலாம்.

பையன்களையும் பெண்களையும் தனித்தனியாக வரைய விடுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுகுடியமர்வுப் பகுதி ஒன்றில், எட்டு மாடிக் கட்டடங்கள் உள்ள இடம், இப்படிச் செய்தோம். பையன்களின் வரைபடம் ஏரிக்கரை, மைதானம், மெயின் ரோடு, டீக்கடை என்று தரை முழுவதும் படர்ந்தது. பெண்களின் வரைபடம் வீடு, குழாய், ரேஷன் கடை, டியூஷன் அளவில் நின்றுவிட்டது. அடுத்த கட்டடம்கூட அதில் இல்லை. பிறகு நீல மாவைக் கொடுத்து, விளக்கு வைத்தபிறகு போகாத இடத்திலெல்லாம் தூவச் சொன்னோம். பெண்கள் தங்கள் படத்தில் மாடிப்படியையும் சேர்த்து நீலமாக்கினார்கள். அதுவரை அந்தப் படிக்கட்டைப் பற்றி ஒருவரும் பேசியிருக்கவில்லை. ஐந்தாவது மாடிக்கு மேல் பல்பு இல்லை, லிஃப்ட் நின்றுபோனால் அந்த வழியாகத்தான் ஏற வேண்டும்.

இரண்டாம் நாள் காகிதம். பென்சில், ரப்பர், ஸ்கேல் மூன்றையும் ஒளித்து வையுங்கள். கையில் ஸ்கேல் இருந்தால் ஒரு மணி நேரம் ஜன்னலுக்குக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்கள். கரித்துண்டு, தடித்த தூரிகை, இரண்டு மூன்று நிறம் போதும். ‘உன் பகுதியை வரை’ என்றுகூடச் சொல்ல வேண்டாம். ‘நேற்று நீ நின்ற ஓர் இடத்தை வரை, அங்கே என்ன மாறினால் உனக்குப் பிடிக்கும்?’ என்று கேளுங்கள். எது மாறவே கூடாது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் படங்கள்தான் எனக்குப் பிடித்தவை. வேம்படி, மீன்காரம்மா உட்காரும் திண்ணை, மாடியில் புறாக்கூண்டு. பெரியவர்கள் ‘அபிவிருத்தி’ என்று கிளம்பினால் முதலில் காணாமல்போகிற பட்டியல் இது.

ஒரு பையன் மூன்று படிகளை மட்டும் வரைந்தான். மூன்றே மூன்று. மேலே ஒரு பல்பு, படியில் ஒரு புத்தகப் பை. வீட்டில் ஐந்து பேர், தொலைக்காட்சி, இருப்பது ஓர் அறை, ஆகவே அவன் அங்கேதான் படிக்கிறான். என்ன வேண்டும் என்றால், பத்து மணிக்கு மேல் அந்த பல்பை யாரும் அணைக்கக் கூடாது, அவ்வளவுதான். ‘நூலகம் வேண்டாமா?’ என்று எங்களில் ஒருவர் கேட்டார். ‘அதுவும் வேண்டும், ஆனால் தேர்வு அடுத்த வாரம்’ என்றான்.

அடுத்து, வரைந்ததை என்ன செய்வது என்று கேட்டீர்கள். அதைத்தான் பட்டறைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு முகவரி இருக்க வேண்டும். பல்பை அணைக்காமல் இருக்கக் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத் தலைவரே போதும். தெருவிளக்கு மாநகராட்சி. சென்னையில் 1913 என்ற புகார் எண்ணுக்கு அழைத்தால் கம்பத்தின் எண்ணைக் கேட்பார்கள், ஆகவே பிள்ளைகள் கம்பத்தை வரையும்போதே எண்ணையும் எழுதட்டும். இதைச் சொல்லிவிட்டு நடக்கப் போனால் அவர்கள் கம்பம் கம்பமாக அண்ணாந்து பார்ப்பதைக் காண வேண்டும். கேட்டவருக்குப் பதில் வந்தாக வேண்டும். ‘முடியாது’ என்பதும் பதில்தான், காரணத்தோடு வந்தால் பிள்ளைகள் தாங்குவார்கள். பேச்சே இல்லாமல் படத்தைச் சுருட்டிக்கொண்டு போனால் அடுத்த முறை மறுபடியும் மேம்பாலம்தான் வரும், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புக்கட்டி கோபிக்க வேண்டாம், சுவரை நான் கடைசிக்குத் தள்ளுவேன். சுவரைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போக முடியாது. காடாத் துணி வாங்கி இரண்டு மீட்டர் துண்டுகளாகக் கிழித்துக்கொள்ளுங்கள், கஞ்சி போட்டுக் காயவைத்தால் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். கவுன்சிலர் அலுவலக வாசலிலும் கட்டலாம், பள்ளி ஆண்டு விழாவிலும் கட்டலாம், மடித்துப் பையிலும் வைக்கலாம்.

பரிசு கிடையாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஒன்று மட்டும் கவனம். வரையும்போது பிள்ளைகள் வீட்டு விஷயத்தையும் வரைந்துவிடுவார்கள், அடி உதையோ அதைவிட மோசமானதோ. அந்தப் படத்தைக் காட்சிக்கு வைக்காதீர்கள், எல்லார் முன்னாலும் விளக்கம் கேட்காதீர்கள். தனியாகப் பேசுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், யாரிடம் போக வேண்டும் என்பதையும் தொடங்கும் முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

மடுவுக்கரை:

நான் கண்ணகி நகரில் வளர்ந்தவள். கூவம் கரையிலிருந்து எங்களைக் கொண்டுவந்து விட்டபோது இரண்டாம் வகுப்பு. தொடக்கத்தில் கட்டிய வீடுகள் பல 200 சதுர அடிகூட இல்லாதவை, அதனால் அந்த மூன்று படிகள் எனக்குப் புரிகின்றன.

2020-இல் எங்கள் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. என் அம்மாவுக்கு அவை ரொம்பப் பிடிக்கும். முன்பெல்லாம் ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் முகம் மாறும், நேர்முகத் தேர்வில் முகவரியைப் பார்த்துவிட்டு ‘அங்கேயா?’ என்பார்கள். ஓவியம் வந்தபிறகு அந்த ‘அங்கேயா’வில் வேறொரு தொனியும் சேர்ந்தது. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் கபடித் தங்கம் வென்ற அணியில் எங்கள் ஊர்ப் பெண் இருந்தபோது இன்னும் கொஞ்சம் சேர்ந்தது. ஆகவே சுவர் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சுவர் வெளியிலிருந்து வருபவரோடு பேசுகிறது. நீங்கள் நடத்தப்போவது உள்ளே பேச வேண்டிய பேச்சு. இரண்டையும் ஒன்றாகக் குழப்ப வேண்டாம்.

இன்னொன்று. பத்தாம் வகுப்புப் பெண்களை விட்டுவிடாதீர்கள். ‘இனி என்ன படம் வரைகிற வயசா?’ என்று வீட்டில் அனுப்ப மாட்டார்கள். நேரில் போய்க் கேளுங்கள், அம்மாக்களில் ஒருவரையும் உடன் அழைத்துப் போங்கள்.

நகரமைப்பு மாணவன்:

கரித்துண்டு ஐயா சொன்னதற்கு எங்கள் பாடத்திலும் ஓர் இடம் இருக்கிறது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியதில் சிறார் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டுவார். கீழ் மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே அவர் ஏற்பதில்லை. அவற்றில் ஒன்று ‘அலங்காரம்’, பனியன் மாட்டிவிட்டு நிறுத்திவைப்பது. உங்கள் சமோசா நிகழ்ச்சியை அவர் அப்போதே பார்த்துவிட்டார்.

படங்களைக் கொண்டுபோக ஓர் இடமும் சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2022-இல் விதிகள் வந்தபிறகு நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டம் நடக்கிறது. அதில் உறுப்பினர்கள் வாக்காளர்கள்தான், பிள்ளைகள் தீர்மானம் கொண்டுவர முடியாது. அம்மா அப்பா கொண்டுவரலாம், பின்னால் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நிற்கலாம். கர்நாடகத்தில் ஊராட்சிகள் சிறார் கிராம சபையைத் தனியாகவே நடத்துகின்றன. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும் அந்தக் கருத்து மதிக்கப்படவும் அவர்களுக்கு உரிமை தருகிறது. இந்தியா 1992-இலேயே ஏற்றுக்கொண்டது. மனு எழுதும்போது அதையும் ஒரு வரி சேருங்கள், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

மாலைவகுப்பு:

எல்லாருக்கும் நன்றி. சுவர் தருகிறவரிடம் மழைக்காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டேன். கரித்துண்டு அண்ணா, இரண்டு சந்தேகம். பெண்களின் வரைபடத்தைப் பையன்கள் பார்த்துக் கேலி செய்தால் என்ன செய்வது? மேலும், தரையில் வரைந்ததை அழித்துவிட்டால் ஆதாரம் வேண்டாமா?

கரித்துண்டு:

கேலி வரும். உடனே கண்டிக்காதீர்கள். பையன்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உன் அக்கா இந்தப் படத்தில் ஏரிக்கரை வரை போக வேண்டுமானால் வழியில் எதை மாற்றுவாய்?’ எங்கள் இடத்தில் முதலில் சிரித்தவன்தான் விளக்குக் கம்பங்களை எண்ணிக்கொண்டு வந்தான். எல்லா இடத்திலும் இப்படி நடக்காது. இரண்டு பேர் கடைசிவரை சிரித்துக்கொண்டே இருந்தார்கள், அவர்களைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினோம்.

ஆதாரத்துக்கு மாடியிலிருந்து படம் எடுங்கள், தரை மட்டும் தெரிகிற மாதிரி, பிள்ளைகள் முகம் வேண்டாம். பிறகு இரண்டு பிள்ளைகளை உட்கார்த்தி அதையே பெரிய சார்ட்டில் பிரதி எடுக்கச் சொல்லுங்கள், தேதியும் போடட்டும். கோலமாவு நினைப்பதைவிட அதிகம் தேவைப்படும். மே மாதக் காற்றில் மொட்டை மாடியில் பாதி பறந்துவிடும், எட்டு மணிக்குள் தொடங்கிவிடுங்கள்.