மீனுவுக்கு எந்த காமிக்ஸ்?

பிரபு: 📷 மீனு பிறந்தநாளுக்கு வாங்கியாச்சு 🎁

லதா: அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அட்டையில இருக்கற பொண்ணு நீச்சலுடையில நிக்கறா. பதினோரு வயசுப் பிள்ளைக்கு இதையா குடுப்பாங்க?

பிரபு: சூப்பர்ஹீரோன்னா அப்படித்தான்மா. சூப்பர்மேன் மட்டும் என்ன, ஜட்டியை வெளியில போட்டவர்தானே 😂

கார்த்தி: அப்பா, அது கேரல் டேன்வர்ஸ், மார்வெல் கம்பெனியோட சூப்பர்ஹீரோயின். கதைப்படி அமெரிக்க விமானப்படை அதிகாரி. அந்த டிரெஸ் 1978ல வந்தது.

லதா: விமானப்படையில இதான் யூனிஃபார்மாடா?

அனிதா: 😂😂 சித்தி செம. மாமா, சூப்பர்மேனுக்கு மார்பும் தோளும் பெருசா போடறது, படிக்கற பையன் 'நானும் இப்படி ஆகணும்'னு ஆசைப்பட. பொண்ணுங்களை இப்படிப் போடறது அதே பையன் பார்க்கறதுக்கு. ரெண்டுமே அவனுக்குத்தான்.

கார்த்தி: அனி, அந்த ஆம்பளை உடம்பும் யாருக்கும் வராது. ஜிம்ல நாங்க படற பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

அனிதா: சரிடா. ஆனா மார்பும் பின்பக்கமும் ஒரே நேரத்துல தெரியற மாதிரி முதுகை முறுக்கி பேட்மேனை எங்கயாவது பார்த்திருக்கியா? 2012ல இதைக் கிண்டல் பண்ணத்தான் ஹாக்ஐங்கற வில்வீரன் ஹீரோவை அந்த போஸ்ல எல்லாம் வரைஞ்சு நெட்ல போட்டாங்க. 'ஹாக்ஐ இனிஷியேட்டிவ்'னு தேடிப் பாரு.

கார்த்தி: பார்த்துட்டேன் 🤣🤣 இடுப்பு போச்சு மனுஷனுக்கு

பிரபு: பொண்ணுங்க இதெல்லாம் படிக்கறதில்ல. அதான் பசங்களுக்குன்னு வரையறான்.

லதா: யாரு சொன்னா? இரும்புக்கை மாயாவிக்கு உங்களோட எவ்வளவு சண்டை போட்டிருப்பேன்!

பிரபு: அந்த முத்து காமிக்ஸ் இன்னும் உங்கிட்டதான் இருக்கு

அனிதா: அமெரிக்காவுலயும் பொண்ணுங்க படிச்சாங்க மாமா. 1947ல 'யங் ரொமான்ஸ்'னு ஒண்ணு வந்து சக்கைப்போடு போட்டுச்சு. அதைக் கொண்டுவந்ததே கேப்டன் அமெரிக்காவை உருவாக்கின சைமனும் கிர்பியும்தான். அப்போ காமிக்ஸ் பேப்பர் கடையில, மருந்துக் கடையில கிடைக்கும். 70களுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தனி காமிக்ஸ் கடைக்குப் போயிடுச்சு. அங்க வந்தது பெரும்பாலும் பசங்க. அவங்களுக்கு ஏத்த மாதிரி வரைய வரைய, பொண்ணுங்க அந்தப் பக்கமே போகல.

கார்த்தி: 2012ல கேரலுக்கு உடம்பு முழுக்க மூடின பைலட் டிரெஸ் வந்துச்சு, பட்டமும் கேப்டன் மார்வெல். எழுதினது கெல்லி சூ டிகானிக். 'கேரல் கார்ப்ஸ்'னு ரசிகைங்க பட்டாளமே சேர்ந்துச்சு.

அனிதா: ஆமா, 2014ல கமலா கான்னு மார்வெல்லோட புது ஹீரோயின். நியூஜெர்சி பொண்ணு, பாகிஸ்தானிக் குடும்பம். எழுத்தாளர், எடிட்டர் ரெண்டு பேருமே பெண்கள். சக்தி கிடைச்சதும் முதல்ல அந்தப் பழைய கேரலாத்தான் மாறுவா. பொன்னிற முடி, மாமா வாங்கின அதே டிரெஸ். அவளுக்கே அது சரிப்பட்டு வராது. அப்புறம் வீட்டுல இருந்த புர்கினியை (உடம்பு முழுக்க மூடற நீச்சலுடை) வெச்சு தானே ஒண்ணு பண்ணிக்குவா. முதல் தொகுப்புக்கு 2015ல அறிவியல் புனைகதைக்குக் குடுக்கற ஹியூகோ விருது.

லதா: அப்போ அந்தக் கம்பெனி திருந்திடுச்சா?

அனிதா: எங்க! அதே 2014ல ஸ்பைடர்-வுமனுக்கு மிலோ மனாராங்கற இத்தாலி ஓவியரை விட்டு ஒரு அட்டை போட்டாங்க. துணியா, மேல அடிச்ச பெயின்ட்டான்னே தெரியாது. இங்க அனுப்ப மாட்டேன், பாட்டி குரூப்ல இருக்காங்க 🙈

பிரபு: சரி, இதைக் கடையில மாத்திடறேன். கமலா கான் முதல் புக்தானே?

லதா: மாமா நான் மீனு. அம்மா போன்ல இருந்து. முதல் புக் கிளாஸ்ல வாங்கிப் படிச்சுட்டேன். ரெண்டாவது வாங்குங்க 🙏