தடிமன், டெங்கு வந்தவர்களின் ஒப்பரேசன் திகதி: உங்கள் பக்க நடைமுறை தேவை

மற்ற ஆஸ்பத்திரிகளில் ஒப்பரேசன் பகுதியில் வேலை செய்பவர்களுக்கு வணக்கம். மாரி தொடங்கினால் ஒப்பரேசனுக்குத் திகதி குடுத்த பிள்ளைகளில் பலர் மூக்கொழுகலோடுதான் வருவினம். துணுக்காயிலிருந்தும் ஒட்டுசுட்டானிலிருந்தும் விடிய முதல் பஸ் பிடித்து, பட்டினியாய் வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவது கொடுமை. அதனால் வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு கேள்வித்தாள் தயாரிக்கிறோம். திருத்தித் தாருங்கள்.

இதுவரை வைத்திருப்பது: தெளிந்த மூக்குநீர் மட்டும், காய்ச்சல் இல்லை, ஓடி விளையாடுது என்றால் வரலாம், முடிவு மயக்கமருந்து வைத்தியருடையது. 38 பாகைக்கு மேல் காய்ச்சல், பச்சைச் சளி, நெஞ்சில் இழுப்பு, சாப்பாடு மறுப்பு, இதில் ஒன்று இருந்தாலும் குறைந்தது 2 கிழமை பிந்தட்டும். தடிமன் மாறினாலும் சுவாசக்குழாயின் கூச்சம் சிலருக்கு 6 கிழமை வரை நிற்கும். மயக்கத்தில் மூச்சுக்கு ரியூப் போடும்போதும் எடுக்கும்போதும் குரல்வளை இறுகி ஒட்சிசன் சடாரென இறங்குவது அதனால்தான். ஒரு வயதுக்குக் குறைந்த, குறைமாத, ஆஸ்துமா உள்ள, வீட்டில் புகை பிடிப்பவர் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து இன்னும் கூட.

கொவிட் வந்தபின் ஒப்பரேசனுக்குப் பொறுக்கச் சொல்லி 2021இல் சொன்ன 7 கிழமையை இப்போது எல்லோருக்கும் பிடிக்கத் தேவையில்லை. அறிகுறி மாறிய, வேறு நோயில்லாதவருக்கு 2 கிழமை போதும்; படியேற மூச்சு வாங்கினால் பொறுக்கவேண்டும்.

எங்களுக்குத் தெளிவு வேண்டியது டெங்கில். பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) குறைந்திருக்க, விறைக்க முதுகில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டி கால் விளங்காமல் போகலாம். நீங்கள் எத்தனை கிழமை விடுகிறீர்கள்? இரத்தப் பரிசோதனையைக் கிளினிக்கிலா, அனுமதித்த பிறகா திரும்பச் செய்கிறீர்கள்? முதல்நாள் போனில் விசாரிக்கும் ஒழுங்கு உள்ளவர்கள், யார் எடுப்பது, என்ன கேட்பது என்று எழுதுங்கோ.