டிராவர்ஸ் என்றால் என்ன? அவசரம்

வயல்வெளி77: ஆங்கிலத்தில் டிராவர்ஸ் என்று ஒரு வார்த்தை, அகராதியில் ‘கடந்து செல்’ என்று போட்டிருக்கிறது, எனக்குப் பொருந்தவே இல்லை. மதியத்துக்குள் கொடுக்கணும், யாராவது சொல்லுங்கள்.

மழைக்குருவி: எந்த வாக்கியத்தில் வருகிறது?

சங்கிலிக்காரன்: சர்வேதான், வேறென்ன. கல்லுக்குக் கல் கோணமும் தூரமும் அளந்துகொண்டே போய், தொடங்கிய கல்லுக்கே திரும்பினால் அது மூடிய டிராவர்ஸ். ஐந்து பக்கம் என்றால் உட்கோணங்கள் கூட்டி 540 டிகிரி வரணும், வராவிட்டால் அந்த வித்தியாசத்தைப் பங்கிட்டுச் சரிசெய்ய வேண்டும். எந்த ஊர் நிலம்?

நள்ளிரவு_நிரல்: கம்ப்யூட்டர் படிக்கிறவராக இருந்தால் ட்ரீ டிராவர்சல். கிளைகிளையாக அடுக்கிய தரவில் ஒவ்வொரு நோடையும், அதாவது ஒவ்வொரு கணுவையும், ஒரு ஒழுங்கில் ஒரு முறை தொட்டு வருவது. கேள்வித்தாளை அப்படியே போடுங்கள்.

பழையசோறு: நண்பரே, முழு வாக்கியத்தைப் போடச் சொல்லி இங்கே எத்தனை முறைதான் எழுதுவது. ‘குறுக்காக’ என்பதுதான் வேர்ப்பொருள், லத்தீனிலிருந்து வருகிறது. மலையேறிகள் பாறையில் மேலே போகாமல் பக்கவாட்டில் நகர்வதையும் இப்படித்தான் சொல்வார்கள். 1936இல் சுவிட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்கு முகத்தில் அப்படிக் கடந்த நால்வர், கட்டிய கயிற்றை உருவிக்கொண்டு போனதால் திரும்பும் வழி அடைபட்டு இறந்தார்கள். இதெல்லாம் தெரியாமல் அகராதியைக் குறை சொல்லாதீர்கள்.

சங்கிலிக்காரன்: மலை எதற்கு? ஆங்கிலேய சர்வேயர் லாம்ப்டன் 1802இல் பரங்கிமலையில் தொடங்கி இந்தியா முழுக்க அளந்ததே டிராவர்ஸ்தான்.

பழையசோறு: தவறு. அது முக்கோண அளவை. ஏழரை மைல் அடிக்கோடு ஒன்றைத்தான் சங்கிலியால் அளந்தார், அப்புறம் எல்லாம் பெரும்பாலும் கோணம்தான். அதற்கு உயரம் வேண்டும், தஞ்சையில் குன்று இல்லாததால்தான் 1808இல் கோணம் அளக்கும் கருவியான தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றப் போய் அது சேதமானது.

சங்கிலிக்காரன்: காடு மறைக்கிற இடத்தில் முக்கோணம் போட்டுப் பாருங்கள் சார், அப்போது தெரியும்.

மழைக்குருவி: கேட்டவர் எங்கே?

வயல்வெளி77: சாரி, சாப்பிடப் போயிருந்தேன். மொழிபெயர்ப்பு வேலை. ‘பிராதின் 4ஆம் பத்தியில் உள்ள கூற்றுகளைப் பிரதிவாதி டிராவர்ஸ் செய்கிறார்’ என்று வருகிறது.

கருப்புக்கோட்டு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! மறுக்கிறார் என்று எழுதுங்கள், போதும். ஆனால் நாலாம் பத்தியை மட்டும் விடாதீர்கள், எந்தப் பத்தி எந்தப் பத்திக்குப் பதில் என்பது மொழிபெயர்ப்பில் மாறவே கூடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 8ஆம் கட்டளைப்படி மொத்தமாக ‘எல்லாம் பொய்’ என்றால் செல்லாது, ஒவ்வொன்றாக மறுக்கணும், மறுக்காமல் விட்டதை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்வார்கள்.

பழையசோறு: மறுப்பதும் குறுக்கே நிற்பதுதானே, நான் சொன்னது அதைத்தான்.

வயல்வெளி77: போட்டாச்சு, நன்றி.

கருப்புக்கோட்டு: எதிருரை, அதாவது பிரதிவாதியின் பதில், தாக்கல் ஆகிவிட்டதா? சம்மன் கிடைத்து 30 நாள்தான், அதிகபட்சம் 90 வரை நீட்டிப்பார்கள். தேதியைக் கட்சிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.