40 பிடிஎஃப் இறக்கியாச்சு, முன்னுரை நகரவில்லை: ஆய்வுக் கட்டுரையை எங்கிருந்து தொடங்குவது?

புது_ஆய்வாளர்:
வணக்கம். தலைப்பு "கைப்பேசியும் மாணவர்களின் தூக்கமும்". 40 கட்டுரைகள் இறக்கி வைத்திருக்கிறேன். முன்னுரையின் முதல் பத்தியை எழுதுவதும் அழிப்பதுமாகவே போகிறது. தரவு இன்னும் சேகரிக்கவில்லை. எதில் கை வைப்பது?

வரைவு_மூன்று:
முன்னுரையை மூடி வையுங்கள். உங்களிடம் தலைப்புதான் இருக்கிறது, வினா இல்லை. "இல்லை" என்றும் பதில் வரக்கூடிய ஒரு கேள்வி கையில் கிடைக்கும்வரை எழுத ஒன்றும் கிடையாது. உதாரணமாக: "படுத்த பிறகு 30 நிமிடத்துக்கு மேல் கைப்பேசி பார்க்கும் இளங்கலை மாணவர்களுக்கு, மற்றவர்களைவிடத் தூக்கம் வர அதிக நேரம் ஆகிறதா?" யாரிடம், எதை, யாரோடு ஒப்பிட்டு, எதை அளந்து என்ற நான்கும் இதில் இருக்கின்றன. "தூக்கம் பாதிக்கப்படுகிறதா" என்று கேட்டால் கடைசி இரண்டும் காணாமல் போய்விடும்.

அடுத்தது அளவுகோல். இந்தத் துறையில் பலரும் எடுப்பது 1989-இல் வந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை. 19 கேள்விகள், மதிப்பெண் 0 முதல் 21 வரை, 5-ஐத் தாண்டினால் தூக்கத்தின் தரம் குறைவு என்று கணக்கு. ஆனால் அது விசாரிப்பது கடந்த ஒரு மாதத்தை. நீங்கள் கைப்பேசியைப் பற்றி மட்டும் "நேற்றிரவு எவ்வளவு நேரம்?" என்று கேட்டால் இரண்டும் ஒட்டாது. மதிப்பீட்டாளர் பிடிப்பது இந்த மாதிரி இடத்தைத்தான். தரவு வந்தபிறகு திருத்தவும் வழியில்லை. பயன்பாட்டு நேரத்தையும் நினைவிலிருந்து சொல்ல விடாதீர்கள். கைப்பேசியின் திரைநேரப் பதிவைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். நினைவுக் கணக்கும் பதிவும் பல நேரம் ஒத்துப்போவதில்லை.

அடிக்குறிப்பு:
40-ஐயும் வரிவரியாகப் படிக்க வேண்டாம். சுருக்கம், அட்டவணைகள், முடிவுரை இவற்றை மட்டும் பார்த்து, ஒன்றுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். தேறியதை எக்செல்லில் ஏற்றுங்கள்: வினா, எத்தனை பேர், அளவுகோல், முடிவு, அவர்களே ஒப்புக்கொள்ளும் குறை, கடைசியாக "என் கட்டுரையில் எதற்கு?" இந்தக் கடைசிக் கட்டம் காலியாக நின்றால் அந்தக் கட்டுரையைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.

தேடும்போது துறைக்காரர்களின் சொல்லைப் பிடியுங்கள். தூக்கம் வர ஆகும் நேரத்துக்கு அவர்கள் சொல்வது 'ஸ்லீப் ஆன்செட் லேட்டன்சி'. மேற்கோள் குறிக்குள் அதைப் போட்டுத் தேடினால் வருவது வேறு, 'மொபைல் அடிக்‌ஷன்' என்று தேடினால் வருவது வேறு. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்ததும் இரண்டு பக்கமும் போங்கள்: அதன் உசாத்துணைப் பட்டியல் பின்னோக்கி, கூகுள் ஸ்காலரில் அதன் கீழே இருக்கும் 'சைட்டட் பை' (அதை மேற்கோள் காட்டிய பிந்தைய கட்டுரைகள்) முன்னோக்கி. பார்த்த பெயர்களே திரும்பத் திரும்ப வரத் தொடங்கினால் தேடல் போதும்.

மேற்கோள்களை முதல் நாளே ஸோட்டீரோ என்ற மேற்கோள் சேமிப்பு மென்பொருளில் போடுங்கள், இலவசம்தான். டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள அடையாள எண்) கொடுத்தால் விவரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும். ஆனாலும் ஆசிரியர் பெயர், ஆண்டு இரண்டையும் ஒருமுறை கண்ணால் சரிபாருங்கள். செயற்கை நுண்ணறிவு தரும் மேற்கோளை, மூலக் கட்டுரையைத் திறந்து பார்க்காமல் சேர்க்கவே கூடாது. இல்லாத கட்டுரைக்கு அது அசலைப் போலவே தலைப்பும் பக்க எண்ணும் தரும்.

புது_ஆய்வாளர்:
மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: 30 நிமிடம் என்று கோடு போட்டால், 29 நிமிடம் பார்ப்பவரும் பார்க்கவே பார்க்காதவரும் ஒரே குழுவா? அப்புறம், எழுதும் வரிசை என்ன?

வரைவு_மூன்று:
சரியாகப் பிடித்தீர்கள், என் உதாரணத்தின் ஓட்டை அது. குழுவாகக் கேட்காமல் நிமிடங்களை அப்படியே பதிவு செய்யுங்கள். எண்ணைப் பிறகு குழுவாக்கலாம். குழுவைத் திரும்ப எண்ணாக்க முடியாது. வினாவையும் "நிமிடம் கூடக்கூட, தூக்கம் வர ஆகும் நேரமும் கூடுகிறதா?" என்று மாற்றிவிடுங்கள்.

வரிசை: ஆய்வு முறையை இப்போதே எழுதலாம், தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். கூடவே முடிவுகளுக்கான அட்டவணைகளை எண் இல்லாமல் வெறுமனே வரையுங்கள். எந்தக் கட்டத்தை நிரப்ப வினாத்தாளில் கேள்வி இல்லை என்பது உடனே தெரிந்துவிடும். தரவு வந்ததும் முடிவுகள், விவாதம், அதன் பிறகு முன்னுரை, கடைசியில் சுருக்கம். விவாதத்தில் ஒரு எச்சரிக்கை: ஒரே ஒரு முறை எடுத்த கணக்கெடுப்பு தொடர்பைத்தான் காட்டும், காரணத்தைக் காட்டாது. தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தவரும் அதே தரவுக்குள்தான் இருப்பார்.

ஓரக்குறிப்பு:
விட்டுப்போன ஒன்று: மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். முதல் மாணவரிடம் முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அது கையில் இருக்க வேண்டும், பின்தேதியிட்டுத் தரமாட்டார்கள். விண்ணப்பத்தோடு வினாத்தாளையும் இணைக்க வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு முன்பே தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் படிக்கக் கொடுத்து எந்தக் கேள்வியில் தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பேரின் பதில்களைத் தரவில் சேர்க்காதீர்கள்.