புதுப்பிப்பு: பழைய டைரிகளில் கோடைக் குறிப்புகள்

பழைய டைரிகளிலிருந்து மரம் பூத்த நாள், பறவை தங்கிய நாள் எல்லாம் தொகுப்பது பற்றி எழுதியிருந்தேன். அதற்குச் சில சேர்க்கைகள்.

'கொன்றை பூத்தது' என்ற ஒற்றை வரி போதாது. முதல் கொத்தா, மரம் முழுக்க மஞ்சளா? இடையில் நாள்கணக்கில் வித்தியாசம். இனி எழுதுவோர் ஒரே சரக்கொன்றையைப் பிடித்துக்கொண்டு முதல் பூ, பாதி மரம், உதிர்வு என மூன்று தேதி போடுங்கள். பக்கத்திலேயே மழையையும் குறியுங்கள். குறுந்தொகை 66-இல் பருவமல்லாத மழையைக் கார்கால மழை என்று நம்பிப் பூத்த கொன்றையை 'மடவ' (அறியாதவை) என்கிறாள் தோழி. மழைக்குறிப்பு இருந்ததால்தான் அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது!

ஆறுமணிக்குருவி வேறு சங்கதி. அழகர்மலைப் பக்கம் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, கோடை தொடங்கியதும் வடக்கே கிளம்பிவிடும். கடைசி நாள் எது என்று அன்றைக்குத் தெரியாது. ஆகவே குரல் கேட்ட நாளெல்லாம் எழுத வேண்டும். காத்திருந்தும் கேட்காத நாளையும்.

தமிழ்த் தேதி மட்டும் இருந்தால் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே மாற்றுங்கள். சித்திரை 1, ஏப்ரல் 13-லும் வரும், 14-லும் வரும்.

பூச்சி அரித்த டைரியை வெயிலில் காயப்போட வேண்டாம். மை வெளுக்கும், தாள் நொறுங்கும். நிழலில் காற்றாட வைத்து, பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள்.