மறு: ஸ்க்வீஜிக்கு "நீர்நீக்கி" சரிதானா?

எல்லோருக்கும் வணக்கம்.

தரை கழுவும் எந்திரத்தின் பின்னால் தண்ணீரை வழிக்கிற ரப்பர் பட்டை, அதாவது ஸ்க்வீஜி, அதற்குத் தமிழில் "நீர்நீக்கி" போதும், விவாதத்தை முடித்துக்கொள்வோம் என்று நம் கலைச்சொல் பட்டியலைப் போடுகிற ஐயா நேற்று எழுதியிருந்தார். கொஞ்சம் பொறுங்கள் ஐயா. கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் தரை கழுவும் எந்திரங்களை ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற வேலை எனக்கு, நாள் முழுக்க அந்த ரப்பர் பட்டையோடுதான் மல்லுக்கட்டு. எங்கள் பட்டறையில் கொழிஞ்சாம்பாறைக்காரர்களும் கோயம்புத்தூர்க்காரர்களும் கலந்துகட்டி இருக்கிறோம், எல்லோருக்கும் அது "வைப்பர்".

முதலில், நீரை நீக்குவது அது இல்லை. நல்ல தண்ணீர்த் தொட்டியிலிருந்து பிரஷ்ஷுக்குத் தண்ணீர் இறங்குகிறது, பிரஷ் சுழன்று தேய்க்கிறது, பின்னால் வில் மாதிரி வளைந்து வரும் ஸ்க்வீஜி கலங்கல் தண்ணீரை வழித்து நடுவுக்குக் கொண்டுவருகிறது, அங்கிருந்து அழுக்குத் தொட்டிக்கு உறிஞ்சுவது வேக்குவம் மோட்டார். வேலை மோட்டாருக்கு, பேர் பட்டைக்கா? "துடைப்பான்" அதைவிட மோசம். துணி ஈரத்தைக் குடிக்கும், ரப்பர் குடிக்காது.

என் ஓட்டு "வழிப்பான்". மாவுச் சட்டியை விரலால் வழிக்கிறோம், நெற்றி வேர்வையை வழித்து உதறுகிறோம், அதே வேலைதான். இந்த விவாதத்தில் அக்கா சொன்ன "நீர்வடிப்பான்" எங்கள் ஊரில் வேடிக்கையாகிவிடும்: மலையாளத்தில் தாடி வடிக்கிறது என்றால் சவரம், அதனால் மலையாளிகளுக்குச் சட்டென்று புரியும், நமக்குத்தான் சோறு வடிக்கிற ஞாபகம் வரும். "வழிப்பான்" என்றால் அசடு வழிவதுபோல் இருக்கிறதென்று கேலி வரும் என்பதும் தெரியும். வரட்டும், பழகிவிடும்.

இன்னொரு காரணம், இதுதான் எனக்கு முக்கியம். ஸ்க்வீஜியில் பட்டை இரண்டு. முன்பட்டையின் அடியில் சிறு சிறு வெட்டு இருக்கும், அது வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். பின்பட்டை முழுசாக, தரையில் சாய்ந்து வழிக்கும். போன மாதம் புதுப் பையன் ஒருவன் இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டான். எந்திரம் தண்ணீரை உறிஞ்சாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது, நாங்கள் மோட்டாரைக் கழற்றி ஒரு மணி நேரம் தேடினோம்! ஸ்டோர் சீட்டைப் பார்த்தால் "வைப்பர் - 2". அவன் மேல் தப்பே இல்லை. மொத்தத்துக்கு வழிப்பான், ரப்பருக்கு முன்பட்டை, பின்பட்டை என்று சீட்டிலேயே இருந்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் மிச்சம். பின்பட்டையின் முனை மழுங்கினால் திருப்பிப் போடுவோம், ஒரே பட்டைக்கு நான்கு முனை. அதற்கும் "நான்முனைப் பட்டை" என்று சுலபமாகச் சொல்லலாம். "நீர்நீக்கி"யை வைத்துக்கொண்டு இப்படிப் பிரித்துப் பாருங்கள், முன்நீர்நீக்கியா?

வளைவில் திரும்பும்போது பட்டையின் ஓரம் தூக்கி, டைல்ஸில் பிறை மாதிரி ஒரு ஈரக்கோடு விழும். சோதனையில் எங்களை அதிகம் படுத்துவது அதுதான். ஸ்க்வீஜியின் சின்னச் சக்கரங்களின் உயரத்தை நூலளவு மாற்றி, மறுபடி ஓட்டி, டிஷ்யூ காகிதத்தை ஒற்றிப் பார்ப்போம். அந்த ஈரக்கோட்டை நாங்கள் "பிறை" என்றே சொல்கிறோம், பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஐயா, பிரஷ்ஷுக்குத் "தூரிகை" என்று போட்டிருக்கிறீர்கள். அண்டா மூடி அகலத்துக்கு, இரண்டு கையாலும் தூக்கி மாட்டுகிற சாமான் அது. பிரஷ்ஷாகவே இருக்கட்டுமே.